அறுப்பு மிஷினின் அலுப்பு

நெடுங்கரைக்கு முதன்முதலாக அறுப்பு மிஷின் வந்து, குத்தாலிங்கத்தின் ஆற்றோர வயல் நாலு ஏக்கரையும் ஒரே காலைப்பொழுதில் அறுத்து, அடித்து, தூற்றி, மூட்டை பிடிக்கிற பதத்தில் தார்ப்பாயில் கொட்டிவிட்டுப் போன மறுநாள் விடிந்தபோது, அந்த வேலையின் அலுப்பு முழுவதும் முப்பிடாதியின் மேல் வந்து இறங்கியிருந்தது. இரண்டு உள்ளங்கையும் வெடித்திருந்தன. இடுப்பு நிமிரவில்லை. தலைமுடிக்குள் வைக்கோல் தூசியும், கழுத்திலும் முழங்கையிலும் நெல்லுச் சுனை பட்ட தடிப்பும், கால்விரல் இடுக்கில் காய்ந்த சேறும் இருந்தன. முந்தின நாள் அவள் செய்த ஒரே வேலை தேங்காய் உடைத்ததுதான். அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்து பழையதைச் சாப்பிட்டுவிட்டு சிமெண்டுத் தரையில் படுத்தவள், அப்படியே கிடந்திருக்கிறாள்.

அலுப்பு என்று எங்கள் பக்கத்தில் சொல்வது சலிப்பை அல்ல. நாள் முழுக்கப் பாடுபட்ட உடம்பில் பொழுது சாயும்போது வந்து உட்காருகிற நோவும், அந்த நோவின் கையைப் பிடித்துக்கொண்டே வருகிற தூக்கமும் சேர்ந்ததுதான் அலுப்பு. எங்கள் அறுப்புச் செட்டில் பதினெட்டுப் பெண்கள். முப்பிடாதி தலைமை, கடைசி ஆள் நான், என் பேர் செல்லக்கனி. செட்டில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை பெற்று இருபது நாளில் வந்தவளோ, காய்ச்சலோடு வந்தவளோ தன் பங்கை அறுக்க முடியாமல் வரப்பில் உட்கார்ந்தால், முப்பிடாதி பன்னரிவாளோடு போய் அவள் பங்கில் நின்றுகொண்டு, “உன் அலுப்பு எனக்கு, நீ போய்ப் படு” என்பாள். சொன்னபடி அறுத்தும் முடிப்பாள். கூலி மட்டும் அந்தப் பெண்ணுக்கே போகும். காலில் வயல்சேறு இருக்கும்போது சொன்ன சொல்லை மாற்றுவது எங்களிடம் இல்லை.

மிஷின் வந்த அன்று அதை ஓட்டிவந்த சேலத்துக்காரன் பழனிவேல், கைராசியுள்ள யாராவது தேங்காய் உடைக்கட்டும் என்றான். முப்பிடாதிதான் உடைத்தாள். எங்கள் பதினெட்டுப் பேரின் வேலையையும் தின்ன வந்த அந்தச் சாமான் முன்னால் நாங்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்து, எங்களைச் சிரிக்கவைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. பசுவைத் தட்டுவதுபோல அதன் தகரத்தைத் தட்டி, “ஏட்டி, இன்னைலருந்து நீயும் நம்ம செட்டு. உன் அலுப்பு எனக்கு” என்றாள். நாங்கள் சிரித்தோம். பழனிவேலும் சிரித்தான். அவள் கால் அப்போது சேற்றுக்குள் இருந்தது.

அவ்வளவுதான் காரணம். அதைப் பற்றி ஊர் ஒரு வாரம் பேசிவிட்டு விட்டுவிட்டது.

உண்மையைச் சொன்னால், மிஷின் எங்களுக்குப் புதிய ஆச்சரியம் இல்லை. கிணற்றில் மோட்டார் இறங்கியபோது கமலை இறைத்தவர்களின் தோள்வலி எங்கோ போனது, ரைஸ்மில் வந்தபோது உலக்கை பிடித்தவர்களின் கைவலி எங்கோ போனது, தெருக்குழாய் வந்தபோது ஆற்றிலிருந்து மூன்று குடம் சுமந்த இடுப்புகளின் வலி எங்கோ போனது, டவுன்பஸ் வந்தபோது சந்தைக்கு ஏழு மைல் நடந்த கால்களின் வலியும் எங்கோ போனது, எங்கே போகிறது என்று நாங்கள் ஒருவர்கூட ஒரு நாளும் கேட்டதில்லை. ஒழிந்தது சனியன் என்றுதான் இருந்தோம். யாரும் அந்த வேலைகளை நினைத்து ஏங்கினார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் செட்டுச் சீனியம்மாள் சித்தி தன் மூத்த பிள்ளையைக் கதிர்க்கட்டுக்குப் பக்கத்தில் வரப்பில் பெற்றவள்; இரண்டாவது பிள்ளை நடவு வயலிலேயே கலைந்துபோனது. அந்த வரப்பை நினைத்து ஏங்கச் சொன்னால் அவள் காறித் துப்புவாள்.

முப்பிடாதிக்கு வந்ததையும் ஊர் தன் வழக்கப்படி ஏற்றுக்கொண்டது. சுகாதார நிலையத்து நர்சம்மா வந்து பார்த்துவிட்டு நோட்டில் உடம்புவலி என்று எழுதி மாத்திரை கொடுத்தாள். கார் அறுப்பு, பிசான அறுப்பு என்று வருஷத்துக்கு இரண்டு தடவை அவள் விழுவதும், மிஷின் ஊரைவிட்டுப் போன பத்தாம் நாள் எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பதும், மழைக்காலம் வெயில்காலம் மாதிரி ஆகிவிட்டது. மிஷின் எந்த வயலில் இறங்கியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள முன்பு சைக்கிளில் போய்ப் பார்ப்பார்கள். இப்போது முப்பிடாதியின் வாசலில் நின்று கேட்டாலே போதும். வலது தோள் நோகிறது என்றால் மேட்டுவயல், கெண்டைக்கால் இழுக்கிறது என்றால் சகதி வற்றாத கீழவயல். பழனிவேலுக்கு மட்டும்தான் மனசு கேட்கவில்லை. அவள் வீட்டைத் தாண்டும்போது என்ஜினைக் குறைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு ஓட்டினான்.

அவ்வளவு நோவிலும் அவளுக்கு ஒரு சுகம் இருந்தது என்றால் அது தூக்கம்தான். பத்து வயலின் நோவு வந்தால் பத்து வயலின் தூக்கமும் வந்தது. சாயங்காலம் விழுந்தால் மறுநாள் உச்சிவரை கிணற்றில் போட்ட கல்லாகக் கிடப்பாள். அவள் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்து எங்களுக்குப் பொறாமையாக இருந்தது. பொறாமை என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தக் காலத்தில் நெடுங்கரையில் அவளைத் தவிர வேறு யாருக்கும் தூக்கம் இல்லை.

அது ஒரேயடியாகப் போகவில்லை. மிஷின் வந்த முதல் வருஷம் நாங்கள் எல்லோரும் ஆசைதீரத் தூங்கினோம். அடுத்த வருஷம் படுத்துப் புரண்டோம். அதற்கடுத்த வருஷம் ஊரே சீரியல் முடிந்த பிறகும் கண்ணை விழித்துக்கொண்டு, மின்விசிறியின் சுற்றை எண்ணிக்கொண்டு, பக்கத்தில் படுத்திருப்பவரின் மூச்சை வெறுத்துக்கொண்டு கிடந்தது. உடம்பு ஊதியது. பேரிலேயே சீனி இருந்தவளுக்கு ரத்தத்திலும் சீனி வந்தது. டவுன் டாக்டர் சீனியம்மாளிடம் தினமும் முக்கால் மணிநேரம் நடக்கச் சொன்னார். எங்கே போக என்று அவள் கேட்டாள். எங்கேயும் போகவேண்டாம், சும்மா நட என்றார் அவர். கையை வீசிக்கொண்டு சும்மா நடப்பது எங்கள் பெண்களுக்கு அம்மணமாக நடப்பதுபோல இருந்தது. பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? அதனால் சீனியம்மாள் இடுப்பில் ஒரு வெறும் குடத்தை வைத்துக்கொண்டு நடந்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் எடுத்தார்கள். காலையில் பஸ் ஸ்டாப்பிலிருந்து செல்போன் டவர்வரைக்கும், டவரிலிருந்து பஸ் ஸ்டாப்வரைக்கும், தண்ணீர் இல்லாத குடங்களோடும் புல் இல்லாத ஓலைக்கடகங்களோடும் முப்பது நாற்பது பெண்கள் வரிசையாகப் போய் வருவதைப் பார்த்து, பஸ்ஸில் போகிற வெளியூர்க்காரர்கள் இந்த ஊரில் என்ன பஞ்சமோ என்று உச்சுக்கொட்டிவிட்டுப் போவார்கள். அப்படி நடந்தும் தூக்கம் வரவில்லை. எங்கும் போய்ச் சேராத நடைக்கு உடம்பு மயங்கவில்லை.

ஆண்கள் நிலைமை இன்னும் மோசம். முப்பிடாதியின் புருஷன் உச்சிமாகாளி, அறுத்த கதிரைக் களத்துக்குத் தூக்குகிற சுமையாள். ஈரக் கதிர்க்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வரப்பில் ஓடினால் பின்னால் வருகிறவனுக்கு அவன் குதிகால் மட்டும்தான் தெரியும், அப்படி ஓடுவான். மூன்றாம் வருஷம் மிஷின் எல்லா வயலிலும் இறங்கி, களத்துக்கு எதுவும் போகவேண்டியதில்லை என்று ஆன பிறகு அவன் நாலு மாதம் ஒரு பொட்டுக்கூடத் தூங்கவில்லை. நாலாம் மாதம் ஒரு மத்தியானம் பூச்சிமருந்து பாட்டிலோடு கிணற்றடியில் உட்கார்ந்திருந்தான். முப்பிடாதி பார்த்துப் பிடுங்கி எறிந்தாள். இது ஊருக்குத் தெரியும், ஆனால் யாரும் அவனிடம் கேட்டதில்லை. அதற்குப் பிறகு எப்படியோ அவன் சரியாகிவிட்டான். அடுத்து வந்த பிசானத்தில் மனைவி மறுபடி படுக்கையில் விழுந்ததும் பொறுப்பு வந்துவிட்டது என்று நாங்கள் பேசிக்கொண்டோம். சோறு வடித்தான், அவளைக் குளிப்பாட்டினான், கண் தெளிந்திருந்தது.

இந்த நிலையில்தான் அதே பிசான அறுப்பின்போது சீனியம்மாள் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு முப்பிடாதியைப் பார்க்கப் போனாள். பாவம் என்று அவள் காலை எடுத்து மடியில் வைத்து அமுக்கினாள். அமுக்கிக்கொண்டே இருந்தவள் அப்படியே சுவரில் சாய்ந்து, வாயில் எச்சில் ஒழுக, பதினொரு மாதத்துக்குப் பிறகு முதல்தடவையாகத் தூங்கிப்போனாள். பொழுது அடங்கத்தான் எழுந்தாள். எழுந்தவள் வெட்கத்தோடு வாயைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள், ஆனால் அந்த வெட்கத்தை அவளால் பக்கத்து வீடுவரைக்கும்கூட மறைத்துவைக்க முடியவில்லை.

மறுநாள் நாலுபேர் போனார்கள். அதற்கு மறுநாள் பதினாலு. எங்கள் ஊரில் நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போகமாட்டோம். பன்னும் ஹார்லிக்ஸும் சாத்துக்குடியும் அவள் தலைமாட்டில் மலையாகக் குவிந்தன, அவளோ பழையதைத் தவிர எதையும் தொடுகிறவள் இல்லை. கூட்டம் கூடவே ஒரு ஒழுங்கும் வந்தது. காலையில் வடக்குத் தெரு, பத்து மணிக்குமேல் தெற்குத் தெரு, சாப்பாட்டுக்குப் பிறகு ஆண்கள். குத்தாலிங்கம் தினமும் மத்தியானம் வந்தார். அவர் வயலில் மிஷின் ஓடிக்கொண்டிருக்கும். இங்கே அவர் முப்பிடாதியின் பாதத்தைத் துண்டால் துடைத்து, பக்தியோடு கையில் ஏந்தி, தன் வயல் அறுபட்ட அலுப்பில் தானே தூங்கிப்போவார். பெரிய மனிதர் ஒருவர் கூலிக்காரியின் காலைப் பிடிப்பதா என்று கேட்க வந்த அவர் மச்சானும் வந்த இடத்தில் தூங்கினான். நானும் போனேன். இல்லை என்று சொல்லி என்ன ஆகப்போகிறது? என் முறை புதன்கிழமை. அவள் கணுக்காலைப் பிடித்த உடனே கண்ணுக்குள் இருட்டு இனிப்பாக இறங்கும். நோவு ஒரு துளிகூட நம் பக்கம் வராது. அதை நாங்கள் அவளுடைய பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டோம்.

அடுத்த கார் அறுப்புத் தொடங்கி ஒன்பதாம் நாள் அவள் உச்சிமாகாளியிடம் சொன்னாள்: “நோவு கெடக்கு. தூக்கத்தக் காணும்.”

வெக்கையாக இருக்கும் என்றான் அவன். வெக்கை இல்லை. அலுப்பில் இருந்த இரண்டில் நாங்கள் ஒன்றைத்தான் எடுத்துக்கொண்டு போயிருந்தோம். நோவு அத்தனையும் அவளிடமே இருந்தது. எத்தனை பேர் வந்தாலும் அத்தனை பேருக்கும் தூக்கம் போதுமானதாக இருந்தது, ஒரே ஒருவர் வந்தாலும் அவளுக்கு மிச்சம் இருக்கவில்லை. இந்தக் கணக்கு யாருக்கும் விளங்கவில்லை. அந்தக் கார் அறுப்பு முடிந்தபோது அவள் பாதியாக இருந்தாள். கண்ணைச் சுற்றிக் கருவளையம். நர்சம்மா இந்த முறை நோட்டில் எதையும் எழுதாமல், இன்னொரு அறுப்பை இப்படித் தூங்காமல் கழித்தால் உயிர் தங்காது என்று வெளியே வந்து எங்களிடம் சொன்னாள். பிசானத்துக்கு இரண்டு மிஷின் வரப்போகிறது என்று பேச்சாக இருந்தது.

கோயில் வாசலில் கூட்டம் போட்டார்கள். முப்பிடாதியைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிவந்து வைத்தார்கள். அவள் நீளமாக ஒன்றும் பேசவில்லை. மிஷினை நிறுத்துங்கள் என்று சொல்லவில்லை, சொல்லிவிட்டோம் செட்டு என்று, சொன்ன சொல் சொன்னதுதான் என்றாள். தன் காலை மட்டும் விட்டுவிடுங்கள், நோவோடு வருகிற தூக்கத்தைத் தனக்கே விட்டுவிடுங்கள் என்று கேட்டாள். அவள் குரல் கேட்டு எங்களில் பலர் அழுதோம். நான் அழுதது நிஜமாகவே அழுததுதான்.

அந்த அழுகையின் வேகத்தில் சீனியம்மாள் எழுந்து, எதற்கு மிஷின், செட்டுக்காரிகள் நாம் செத்தா போனோம், பிசானத்தில் கோயில் வயல் முக்கால் ஏக்கரையாவது நாமே அறுப்போம், அவளுக்கு அந்த மட்டுக்கு நோவு குறையட்டும் என்றாள். கைதட்டினோம். அறுப்பு வந்ததும் பரணில் கிடந்த பன்னரிவாள்களை இறக்கினோம். பாதிக்குப் பல்லே இல்லை. பதினேழு பேர் வயலில் இறங்கினோம். குனிந்தால் வயிறு இடித்தது, நிமிர்ந்தால் தலை சுற்றியது. முன்பு ஒரு மூச்சில் அறுத்துப்போகிற தூரத்தை நாலு இடத்தில் உட்கார்ந்து கடந்தோம். சீனியம்மாளுக்கு முழங்கால் பிசகியது, இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள், என் கை அறுபட்டது. மத்தியானத்துக்குள் கால்வாசி முடியவில்லை. வானம் கறுத்தது, கோயில் நெல் நனைந்துவிடும் என்று குத்தாலிங்கம் போன் போட்டார், பழனிவேல் மிஷினோடு வந்து மிச்சத்தைப் பத்து நிமிஷத்தில் முடித்தான். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அன்றைக்கு நாங்கள் பதினேழு பேரும் எங்கள் சொந்தத் தூக்கத்தைத் தூங்கினோம், யார் காலையும் பிடிக்காமல். மறுநாள் இன்னொரு வயலுக்குப் போகலாமா என்று சீனியம்மாள் நொண்டிக்கொண்டே வந்து கேட்டபோது, முழங்கால் வலிக்கிறது சித்தி என்றேன். எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். அவளும் அந்தப் பதிலைக் கேட்கத்தான் வந்தவள்போல உடனே திரும்பிப் போனாள்.

பிறகுதான் சூடம் ஏற்றினோம். பிசான அறுப்பு முடிகிறவரை முப்பிடாதியை ஒருவரும் தொடுவதில்லை என்று அம்மன் முன்னால் ஊர் மொத்தமும் கைநீட்டிச் சத்தியம் செய்தது. சத்தியம் காக்கப்பட்டது என்பதை இங்கே அழுத்திச் சொல்லிவிடுகிறேன். நெடுங்கரை மறுபடியும் விழித்துக் கிடந்தது. வெறும் குடங்கள் டவருக்கும் பஸ் ஸ்டாப்புக்கும் இரண்டு நடைக்கு நாலு நடை போய்வந்தன. கிழவர்கள் மருந்துக்கடையில் தூக்க மாத்திரைக்குச் சண்டை போட்டார்கள். யாரும் அவள் வாசலை மிதிக்கவில்லை.

ஆனாலும் முப்பிடாதிக்குத் தூக்கம் வரவில்லை.

மூன்று நாள் பொறுத்துப் பார்த்தார்கள். அப்படியென்றால் யாரோ திருட்டுத்தனமாக வருகிறார்கள் என்று முடிவானது. வடக்குத் தெரு தெற்குத் தெருவைச் சொன்னது. குத்தாலிங்கத்தின் முகம் பளிச்சென்று இருக்கிறதே என்றார்கள். அவர் பவுடர் போட்டிருந்ததுதான் காரணம், வேட்டியைத் தரையில் விரித்து, தான் வரவில்லை என்று அதைத் தாண்டிச் சத்தியம் செய்தார். சீனியம்மாள் கொட்டாவி விட்டாள் என்பதற்காக அவள் கொழுந்தன் பெண்டாட்டி அவளை அடித்துவிட்டாள், தூக்கம் வருகிறவளுக்குத்தானே கொட்டாவி வரும் என்பது அவள் வாதம். கடைசியில் முப்பிடாதி வீட்டு வாசலில் முறைவைத்துக் காவல் போட்டார்கள். ஆளுக்கு நாலு மணிநேரம். எல்லோரும் தெருவைப் பார்த்துத்தான் காவல் இருந்தோம்.

ஐந்தாம் நாள் மத்தியானம் என் முறை. உள்ளே உச்சிமாகாளி அவளுக்குச் சோறு ஊட்டி, வாயைத் துடைத்து, தானும் சாப்பிட்டுக் கையைக் கழுவினான். தண்ணீர் கேட்கலாம் என்று நான் திரும்பினேன். அவன் அவள் பாயின் கால்மாட்டில் தரையில் குறுக்கே படுத்து, வலது கையை நீட்டி, பிள்ளை கிலுகிலுப்பையைப் பிடிப்பதுபோல அவள் கணுக்காலைப் பற்றியபடி, ஒரு நொடியில் தூங்கிப்போயிருந்தான். அவள் கண்ணைத் திறந்துகொண்டு மோட்டுவளையைப் பார்த்துக் கிடந்தாள்.

நான் வாசற்படியில் அப்படியே நின்றேன். அவள் என்னைப் பார்த்தாள்.

“சத்தம் காட்டாத” என்றாள்.

“மைனி, அண்ணன்லா...”

“தெரியும். கல்யாணம் ஆன நாள்லருந்து அந்தக் கை அங்கதான் கெடக்கும். அவருக்குத் தெரியாது.”

“நான் சொல்லீருதேன் மைனி. ஊரே ஒருத்தர ஒருத்தர் அடிச்சுக்கிட்டுக் கெடக்கு.”

“சொன்னா கைய எடுத்துருவாரு. எடுத்தாத் தூங்க மாட்டாரு. தூங்கலன்னா என்ன செய்வாருன்னு நீ பாக்கல. நான் பாத்திருக்கேன்.”

“அப்ப நீங்க?”

“நோவுதான” என்றாள். “பழகீரும்.”

பழகவில்லை என்பது அவள் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. கீழவயலில் மிஷின் திரும்புகிற சத்தம் கேட்டது, அவளுடைய கெண்டைக்கால் தானாக ஒரு தடவை இழுத்துக்கொண்டது, அவன் கையும் அதோடு போய்வந்தது. அவன் விழிக்கவில்லை. நான் வெளியே வந்து மறுபடியும் தெருவைப் பார்த்து உட்கார்ந்தேன். சாயங்காலம் முறை மாற்ற வந்தவர்கள் யாராவது வந்தார்களா என்று கேட்டார்கள். யாரும் வரவில்லை என்றேன். அது பொய்யும் இல்லை.

நான் அன்றைக்கு வாயைத் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். அவனா அவளா என்று தராசில் வைக்க எனக்கு யார் உரிமை கொடுத்தார்கள் என்று எனக்கே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். ஆனால் நான் பேசாமல் இருந்ததில் ஊரின் சந்தேகம் வளர்ந்தது. காவலும் போட்டாயிற்று, ஆளும் அகப்படவில்லை, அவளுக்குத் தூக்கமும் இல்லை என்றால் காவல் இருக்கிறவர்களே எடுக்கிறார்கள் என்று ஆனது. எப்படியும் எவனோ தின்கிறான், நாம் மட்டும் ஏன் பட்டினி கிடக்க வேண்டும் என்று முதலில் முணுமுணுத்தார்கள், பிறகு சத்தமாகவே சொன்னார்கள். இரண்டாவது மிஷின் ஊருக்குள் நுழைந்த அன்று, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், பழையபடி சாத்துக்குடிப் பைகளோடு எல்லோரும் அவள் வீட்டு முன்னால் கூடிவிட்டோம். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. அம்மனிடம் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று குத்தாலிங்கம் சொன்னார்.

அவளை எனக்கு ஜன்னல்வழியே தெரிந்தது. அப்போது அவள் தூங்கி இருபத்திரண்டு நாள் ஆகியிருந்தது. இரண்டு மிஷினின் நோவு. தோலுக்கடியில் எதுவோ நடந்துபோவதுபோல உடம்பு அங்கங்கே துடித்துக்கொண்டிருந்தது. உதடு மட்டும் அசைந்தது, சத்தம் வரவில்லை.

உச்சிமாகாளி கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தான். கையில் உழவுக்கோல். நன்றாகத் தூங்கி எழுந்த மனிதனுடைய தெளிவு அவன் முகத்திலும், பலம் அவன் தோளிலும் இருந்தன. அந்தத் தெருவில் அப்போது நிமிர்ந்து நின்ற ஒரே ஆள் அவன்தான். எங்களுக்கெல்லாம் காலும் தலையும் ஆடிக்கொண்டிருந்தன.

“வெக்கமா இல்லியாவே உங்களுக்கு?” என்றான். “அவ கண்ண மூடி இருவத்திரெண்டு நாளாச்சு. இன்னொருத்தர் அவ காலத் தொட்டா கைய முறிச்சிருவேன்.”

குத்தாலிங்கத்தைப் பிடித்து ஒரு தள்ளு தள்ளினான். அவர் சாத்துக்குடிகளோடு சாக்கடையில் உட்கார்ந்தார். இருபதுபேரைத் தெருமுனைவரைக்கும் கோலால் ஓட்டினான். அவ்வளவு பாசத்தை நான் எந்த ஆம்பிளையிடமும் பார்த்ததில்லை. கண்ணில் நீரோடு திரும்பி உள்ளே போனான், கதவைச் சாத்த மறந்துபோனான். நாங்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து வாசலில் நின்றோம்.

அவன் அவள் கால்மாட்டில் உட்கார்ந்தான். “இனிமே ஒருத்தனும் வரமாட்டான். நீ நிம்மதியாத் தூங்கு. நான் அமுக்குதேன்” என்று சொல்லி அவளுடைய இடதுகாலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

அவன் நம்பட்டும் என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நாலு தடவை அமுக்கியிருப்பான். தலை முன்னால் சரிந்தது, கை நின்றது, குறட்டை வந்தது.

வாசலில் நின்ற அத்தனை பேருக்கும் அந்த நிமிஷத்தில் விளங்கிவிட்டது. காவல் இருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் கீழே பார்த்தேன். யாராவது போய் அவன் கையை எடுத்துவிட வேண்டும், உலுக்கி எழுப்பிச் சொல்ல வேண்டும், அது ஒரு அடி தூரம்தான். ரொம்ப நேரம் யாரும் அசையவில்லை. முப்பிடாதி கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்தாள். எழுப்பாதீர்கள் என்றா, எழுப்புங்கள் என்றா, அந்தப் பார்வை எதைக் கேட்டது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

சீனியம்மாள் சித்திதான் முதலில் படியேறினாள். பிசகிய முழங்காலைத் தூக்கிவைத்து, சத்தம் வராமல் உள்ளே போய், பாயின் மறுபக்கத்தில் உட்கார்ந்தாள்.

“இன்னொரு கால் சும்மாதான கெடக்கு” என்றாள்.

நாங்கள் வாசலில் வரிசை பிடித்தோம். எனக்கு முன்னால் பதினொரு பேர் இருந்தார்கள்.